வலியவர் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

தனிச் சங்கம் தன் உறுப்பினரின் கூலிக்காகப் பேசுகிறது. பல சங்கங்கள் சேர்ந்த சம்மேளனமோ, பேரம் பேசும் வலு மிகுந்த தொழிலாளர்கள் வலு குறைந்தவர்களுக்காகத் தம் கோரிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றும் கேட்கிறது. அப்படிக் கேட்க அதற்கு உரிமை உண்டா?

சுவீடன் இதை நடைமுறையிலேயே சோதித்துப் பார்த்தது. 1898இல் உருவான எல்.ஓ. சம்மேளனம், 1941இல் விதிகளைத் திருத்திப் பெரிய வேலைநிறுத்தங்கள் மீதான அதிகாரத்தைத் தலைமையிடம் குவித்தது. 1951 மாநாட்டில் அதன் பொருளியலாளர்களான யெஸ்தா ரேன், ருடால்ஃப் மெய்ட்னர் இருவரும் ஒரு திட்டத்தை முன்வைத்தனர். நிறுவனம் கொழித்தாலும் நொடித்தாலும் ஒரே வேலைக்கு ஒரே கூலி. குறைந்த கூலியை நம்பியே ஓடும் ஆலைகள் மூடப்பட்டால், வேலையிழந்தவர்களுக்கு அரசு மறுபயிற்சி அளித்து வேறு வேலைக்கு வழிசெய்யும். 1950களின் நடுவிலிருந்து முதலாளிகள் அமைப்புடன் நாடு முழுவதற்கும் சேர்த்தே கூலிப் பேச்சு நடந்தது. பெண்களுக்கென இருந்த தனிக் கூலி விகிதத்தைப் படிப்படியாக ஒழிக்க 1960இல் உடன்பாடு ஏற்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் கூலி ஏற்றத்தாழ்வு வெகுவாகச் சுருங்கியது.

துணி ஆலைப் பெண்கள் தனியே போராடி இந்தச் சமக் கூலியைப் பெற்றிருப்பது அரிது. ஏற்றுமதித் தொழிற்சாலைத் தொழிலாளியின் பேர வலுவும் அவர் உழைப்பால் மட்டும் வந்ததல்ல. நல்ல சந்தையும் புதிய இயந்திரமும் அதில் பங்குகொண்டவை. ஆகவே சம்மேளனத்தின் கோரிக்கை நியாயமானதே.

ஆனால் விட்டுக்கொடுத்தது யார் கைக்குப் போகிறது? லாபம் கொழித்த நிறுவனங்களில், தொழிலாளி கேட்காமல் விட்ட கூலி முதலாளியின் லாபமாகவே தங்கியது. இந்த ஓட்டையை மெய்ட்னரே கண்டு, லாபத்தின் ஒரு பகுதியைப் பங்குகளாகத் தொழிலாளர் நிதிக்கு மாற்றும் திட்டத்தை 1975இல் வெளியிட்டார். அது 1983இல் நீர்த்த வடிவில் சட்டமானது. 1990களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது.

ஒப்புதல் பற்றிய கேள்வியும் இருந்தது. 1969 டிசம்பரில் வடக்கே கிருனா பகுதி இரும்புச் சுரங்கத் தொழிலாளர்கள், சங்கத்தின் அனுமதியின்றியே வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நிர்வாகத்தின் மீது இருந்த கோபம், ஸ்டாக்ஹோமில் இருந்தபடி தங்கள் கூலியை முடிவுசெய்த தலைவர்கள் மீதும் பாய்ந்தது. தியாகம் செய்பவரைக் கேளாமல் அவர் சார்பில் தியாகத்தை அறிவிக்க எந்தத் தலைமைக்கும் உரிமையில்லை.

1983இல் உலோகத் தொழிலாளர் சங்கம் பொதுப் பேச்சிலிருந்து விலகித் தனி ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன்பின் கூலி இடைவெளி மீண்டும் விரிந்தது. அந்த இழப்பு மெய்யானது. வலு குறைந்தவர்களே அதைச் சுமந்தனர். எனினும் பழி முழுவதையும் உலோகத் தொழிலாளர்கள் மீது போடுவது நேர்மையாகாது. அவர்கள் விட்டுக்கொடுத்த கூலிக்குச் சம்மேளனத்தால் கணக்குக் காட்ட முடியவில்லை.