ஒற்றையடிப்பாதையும் உரிமையும்

மாத்தளையிலிருந்து றத்தோட்டை வழியாக ரிவஸ்டனைக் கடந்து பல்லேகமவை நோக்கி இறங்கும் மலைச்சாலையின் ஓரத்தில், பிட்டவல பத்தனை என்னும் புல்வெளி கிடக்கிறது. பாறையின்மேல் மெல்லிய போர்வைபோல் படிந்த மண். அதைப் பற்றி நிற்கும் குறும்புல். விடுமுறை நாட்களில் அதன்மீது நடப்போர் பலர். எவரும் திட்டமிட்டு வகுக்காத பாதைகள் அங்கே பிறந்துகொண்டே இருக்கின்றன. மழை பெய்தால் பாதை ஓடையாகிறது. சேற்றுக்கு அஞ்சியவர் ஓரத்துப் புல்லில் கால் வைக்கிறார். பின்னால் வருபவர் அவரைப் பின்பற்றுகிறார். ஒரு பாதை மூன்றாகிறது. மிதிபட்டு இறுகிய மண்ணில் நீர் சுவறாது. மேலோடி, எஞ்சிய மண்ணையும் அரித்துச் செல்கிறது. மண் போனபின் மிஞ்சுவது பாறையே. நக்கிள்ஸ் மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் காணக் கிடைக்காத தவளையினம் ஒன்று இந்த ஈரப் பாறைகளையே நம்பி வாழ்கிறது.

இதைத் தடுக்க வேண்டாமா? வேண்டும். ஆனால் தடுக்கும் உரிமை யாருக்கு உண்டு? அந்த உரிமை எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்கு மாத்தளை மண்ணில் ஒரு வரலாறு இருக்கிறது. எழுத்தில் உரிமை காட்ட இயலாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதித்தது. தலைமுறை தலைமுறையாக விறகுக்கும் மேய்ச்சலுக்கும் சென்றவனின் கால்தடம் அச்சட்டத்தின் முன் சான்றாகவில்லை. கோப்பித் துரைமாரின் காசு சான்றாயிற்று. (அவர்களுக்காக மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த நம் தொழிலாளர்களில் வழியிலேயே மடிந்தவர் எத்தனையோ பேர்.) 1848இல், ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய், இல்லையேல் பணம் கட்டு என்று மற்றொரு சட்டம் வந்தது. தன் பாதையைப் பறிகொடுத்தவனே அரசின் பாதையை அமைக்க வேண்டுமாம்! அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம். புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான்.

முடி போய்விட்டது, மனப்பான்மை முற்றாகப் போய்விடவில்லை. இம்மலைக் கிராமத்தவர் காட்டு நிழலில் ஏலம் பயிரிட்டனர். ஏலத்துக்காகக் கீழ்ச்செடிகளை அழித்ததும், காய் உலர்த்த விறகு வெட்டியதும் காட்டுக்குக் கேடுதான். ஏழை செய்தான் என்பதற்காக அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1980களில் அது நிறுத்தப்பட்டது. 2000இல் நக்கிள்ஸ் பேணற்காடாயிற்று. 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. களு கங்கை நீர்த்தேக்கத்தில் 2018இல் நீர் நிரப்பப்பட்டபோது பழைய பல்லேகமவின் தெருக்களும் வயல்களும் நீரடியில் போயின; மக்கள் வேறிடத்தில் குடியேறினர். ஏலமூட்டை சுமந்தவனுக்கு மூடப்பட்ட காட்டின் வாயில், அனுமதிச்சீட்டு வாங்கியவனுக்குத் திறக்கப்படுகிறது. சீட்டு வாங்கிய கால் புல்லை மிதிக்காதா?

உல்லாச நடை என்பது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு, அதை அடியோடு நிறுத்துவதே நியாயம் என்று நம் நண்பர்களில் சிலர் கூறுவர். நாம் இதை ஏற்பதற்கில்லை. இங்கிலாந்தில் மான்செஸ்டர், ஷெபீல்டு ஆலைநகரங்களின் இளந்தொழிலாளர் சில நூறு பேர், 1932 ஏப்ரல் 24ஆம் நாள், பறவை வேட்டைக்கென்று செல்வந்தர் அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கௌட் மேட்டில் தடையை மீறி ஏறினர். தலைமை தாங்கிய பென்னி ராத்மன் ஒரு கம்யூனிஸ்டு இளைஞர். ஐவர் சிறை சென்றனர். 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புற அணுகலுக்குமான சட்டமும், 2000இல் திறந்த வெளிகளில் நடக்கும் உரிமைச் சட்டமும் வந்தன. ஓய்வும் திறந்த வானமும் உழைப்பவனுக்கும் உரியவை.

எனினும், நடக்கும் உரிமை வேறு. மிதித்து அழிக்கும் உரிமை வேறு. கிண்டரிலும் பின்னாளில் கரிமண் தேய்ந்து, கற்பலகை பதித்துப் பாதையைக் காக்க வேண்டியதாயிற்று. பிட்டவலையிலும் செய்யத்தக்கது இத்தகையதே: ஒரே பாதையைத் தேர்ந்து கல் பதிப்பது, குறுக்கே சிறு வாய்க்கால் வெட்டி நீரை விலக்குவது, குறுக்குவழிகளை முட்கிளையிட்டு அடைப்பது, புல் தளிர்க்கும்வரை சில இடங்களுக்கு ஓய்வளிப்பது. எந்தப் பாதை, எவ்வளவு காலம் என்பதை அலுவலகத்தில் இருப்பவர் மட்டும் தீர்மானித்தால் அது 1840இன் தொடர்ச்சியே. எந்தச் சரிவில் எந்த மாதம் மண் நழுவும் என்பதை அறிந்த பிட்டவல, இலுக்கும்புர மக்கள் அந்த முடிவில் பங்கு பெறவேண்டும். சீட்டுப் பணத்திலும் பங்கு பெறவேண்டும். இழப்பதற்கு ஒன்றுமில்லாதவர் பிறருக்குக் கட்டுப்பாட்டைப் போதிப்பது எளிது.

அவ்வகையில் நாமும் எதையேனும் இழக்க ஆயத்தமாயிருக்க வேண்டும். வடகீழ்ப் பருவமழை இம்மலைகளில் வலுத்துப் பெய்யும் காலமும், பாடசாலைகள் பேருந்து அமர்த்திச் சுற்றுலா புறப்படும் டிசம்பர் விடுமுறையும் ஒன்றாகவே வருகின்றன. அம்மாதத்தில் பத்தனையை மூடிவைப்பது என்று அந்தக் கிராமத்தார் முடிவு செய்தால், ஆசிரியர்களாகிய நாம் என்ன சொல்லப் போகிறோம்?