காளி தோற்றது எதில்?

தென்காசி காசி விசுவநாதர் கோயிலுக்குள் நுழைகிறவர்கள் முன்மண்டபத்து ரதி, மன்மதன் சிலைகளைப் பார்த்துவிட்டு சந்நிதிக்கு விரைந்துவிடுவார்கள். 1446இல் பராக்கிரம பாண்டியன் கட்டத் தொடங்கிய கோயில் இது. அதே மண்டபத்துத் தூண்களில் ஒரு போட்டியும் நடக்கிறது. ஒன்றில் காலைத் தலைக்கு மேல் தூக்கிய ஊர்த்துவ தாண்டவராகச் சிவன்; இன்னொன்றில் சளைக்காமல் ஆடும் காளி.

கதை ஊரறிந்தது. அவர் ஆடியதையெல்லாம் அவளும் ஆடினாள். காதிலிருந்து விழுந்த குண்டலத்தைச் சிவன் காலாலேயே எடுத்து மாட்டிக்கொண்டார். சபை நடுவே அப்படிக் காலைத் தூக்க நாணி காளி நின்றுவிட்டாள். தோல்வி.

அவளுக்குத் தாளம் தப்பவில்லை, கால் தளரவில்லை. நாணம் என்ற நிபந்தனை ஆடிய இருவரில் ஒருவருக்கு மட்டும் இருந்தது.

காளியின் செருக்கை அடக்கவே இந்த ஆட்டம் என்பார்கள் சைவர்கள். சிவனும் சக்தியும் வேறல்ல என்பதும் அவர்கள் சொல்வதுதான். பாதி உடம்பு அவளுடையது என்றால், தோற்றது யார்?

மனிதர்கள் நடத்திய போட்டிகளும் இதற்குக் குறைந்தவை அல்ல. ஒலிம்பிக்கில் 1912 முதல் 1948 வரை கலைப் போட்டிகளும் இருந்தன. 1936இல் ஹிட்லரின் பெர்லினில் கலைக்கு வழங்கிய 9 தங்கங்களில் 5 ஜெர்மனிக்கே போயின. ஒன்பதில் ஒன்றுகூடப் பெண்ணுக்கு இல்லை. பழியைச் சர்வாதிகாரத்தின் மேல் மட்டும் போட்டுவிடவும் முடியாது. அத்தனை ஆண்டுகளிலும் கலையில் தங்கம் வென்ற ஒரே பெண், 1948 லண்டன் போட்டியில் கவிதைக்காகப் பரிசு பெற்ற பின்லாந்தின் ஆலே டின்னி.

தென்காசிக்குப் பக்கத்திலேயே குற்றாலத்துச் சித்திர சபை. நடராசர் இங்கே ஓவியமாக இருக்கிறார். குற்றாலநாதர் கோயிலில் பராசக்திக்குத் தனிப் பீடமும் உண்டு, இருவருக்கும் போட்டியில்லை. அந்தப் போட்டி நடந்ததாகச் சொல்வது நடராசரின் ஐந்து சபைகளில் இன்னொன்றான திருவாலங்காட்டு ரத்தின சபையில்.

அந்த ஆலங்காட்டோடு இன்னொரு பெண்ணின் கதையும் சேர்ந்திருக்கிறது. காரைக்கால் அம்மையார் கயிலைக்குத் தலையாலே நடந்து போனார் என்கிறது பெரியபுராணம். காளி தூக்க நாணிய கால்கள் அம்மையாருக்கு வழி நெடுக மேலே இருந்தன. சிவன் அவரை ‘அம்மையே’ என்றழைத்தார். நாணத்தை யாரும் கேட்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே அழகையும் தசையையும் உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றிருந்தார் அவர். அந்த உருவோடுதான் ஆலங்காட்டுக்கு வந்து, இறைவனின் ஆடலைப் பாடினார். அங்கே இன்றும் காளியைக் கும்பிட்ட பிறகே நடராசரிடம் போவது வழக்கம்.