பட்டமும் வாய்மையும்

பொதுப்பணி ஆற்றியவரை அரசு போற்றுதல் முறையே. ஆனால், போற்றிய அரசே மக்களுக்குத் தீங்கு இழைக்குமாயின், அது அளித்த பட்டத்தைச் சான்றோர் தாங்கி நிற்றல் தகுமா?

1878-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு இந்தியப் பேரரசின் பெயரால் ஒரு பட்டவரிசையை நிறுவிற்று. அதில் கே.சி.ஐ.இ. என்னும் நிலையை எய்தியவர் ‘சர்’ என அழைக்கப்பெற்றார். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய எஸ். சுப்பிரமணிய ஐயர் 1900-இல் அதனைப் பெற்றார். தன்னாட்சி இயக்கத்தில் ஈடுபட்ட அவர், 1917-இல் இந்தியாவின் நிலையை எடுத்துரைத்து அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனுக்கு மடல் எழுதினார். மறு ஆண்டு, இந்தியா மந்திரி மாண்டேகு பாராளுமன்றத்தில் அம்மடலைப் பழித்தார். எழுபத்தைந்து வயது முதியவராகிய ஐயர், தம் கூற்றை மாற்றவில்லை. ‘சர்’, ‘திவான் பகதூர்’ ஆகிய பட்டங்களையே துறந்தார்.

நாம் வாழும் இக்கொல்கத்தா மாநகரும் அத்தகையதொரு துறவைக் கண்டது. 1915-இல் ‘சர்’ பட்டம் பெற்ற இரவீந்திரநாத தாகூர், ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின், 1919 மே இறுதியில் வைஸ்ராய் செம்ஸ்போர்டுக்கு இந்நகரிலிருந்து மடல் விடுத்துத் தம்மை அப்பட்டத்தினின்று விடுவிக்கக் கோரினார். அவமதிக்கப்பட்ட தம் மக்களின் பக்கத்தில் தனிச்சிறப்பு ஏதுமின்றி நிற்க விழைந்தார் அவர்.

அங்ஙனமாயின், 1929-இல் ‘சர்’ பட்டம் ஏற்ற நம் சி. வி. இராமன் பிழை செய்தாரா? இல்லை. பௌபஜார் ஆய்வுக்கூடத்தில் அவர் கண்ட உண்மைக்கு அது பின்வந்த பாராட்டு. பட்டம் வாராதிருப்பினும் ஒளி அவ்வாறே சிதறியிருக்கும். பட்டம் வந்தமையால் அவர் எந்த உண்மையையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே, ஏற்றலும் துறத்தலும் தம்மளவில் அறமோ மறமோ ஆகா. பட்டம் செய்த பணிக்கு நன்றியாயின் ஏற்கலாம். இனிப் பேசாதிருக்கத் தரும் விலையாயின் மீட்டளித்தலே மானம். ஐயரின் நீதிப்பணியும் தாகூரின் கவிதையும் பட்டம் போனபின் எள்ளளவும் குறையவில்லை.

நாடு விடுதலை பெற்றபின் அப்பட்டவரிசை வழக்கொழிந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 18-ஆம் விதி, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் தவிர்த்த பட்டங்களை அரசு வழங்குவதைத் தடுத்துள்ளது. எனினும், விருதும் பொன்னாடையும் நம் அவைகளில் இன்றும் உள்ளன. தோள்மேல் விழும் ஆடை வாயையும் மூடிவிடாதிருக்கிறதா என்பதே, ஏற்பவர் ஒவ்வொருவரும் தம் நெஞ்சை வினவிக்கொள்ள வேண்டிய வினா.