ஜன்னல் எந்தப் பக்கம்?

புது வீடு கட்டுவோர் பிளானை விரித்து, கிப்லா எந்தத் திசை, கக்கூஸ் எந்தப் பக்கம் என்று கவனமாகப் பார்க்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் காகிதத்தில் வரையப்படாத வீடு ஒன்றும் உண்டு. அது அடுத்த வீடு.

நாம் வீடு கட்ட முனைந்தபோது இரண்டு பிளான்கள் வந்தன. ஒன்றில் மாடியறைக்குத் தெற்கே பெரிய ஜன்னல். தென்றல் தாராளமாக வரும். நம் மனம் அதில்தான் நின்றது. மனையில் ஏணி வைத்து ஏறிப் பார்த்தோம். நேர் கீழே பக்கத்து வீட்டு முற்றம். அங்கே பெண்கள் முக்காடின்றி வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

நம் மனை, நம் பணம்; யார் கேட்பது? எகிப்தில் காரிஜா பின் ஹுதாஃபா (ரலி) கட்டிய மாடியறை அண்டை வீட்டாரின் அந்தரங்கத்தை நோக்குவதாகக் கேள்விப்பட்டு, அதை இடிக்கும்படி கலீஃபா உமர் (ரலி) அவர்கள் எழுதியதாக வரலாற்றாசிரியர்கள் கூறுகிறார்கள். கட்டிய பின் இடிப்பதைவிட, கட்டுமுன் யோசிப்பது எளிதல்லவா?

இரண்டாவது பிளானையே எடுத்தோம். பெரிய ஜன்னல் தெருப் பக்கம். தெற்கே ஆள் உயரத்துக்கு மேல் சிறு ஜன்னல். காற்று குறைவுதான், சித்திரையில் நன்றாகவே தெரிகிறது. ஆனால் நமக்குச் சிரமமில்லாத அளவுக்குத்தான் அண்டை வீட்டாரின் ஹக்கைப் பேணுவோம் என்றால், பேணினோம் என்று சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது?