குகையிருளும் உயிரறிவும்

உயிர் அறிவுடைப்பொருள் என்பது சித்தாந்த நூல்கள் ஒருமுகமாக நாட்டும் உண்மையாம். ஆயினும் அவ்வறிவு தானே விளங்குவதன்று. தனு கரண புவன போகங்கள் துணையாக நின்று விளக்க விளங்குவது. ஒருவனிடத்து அறிவு எத்துணை விளங்கிற்று என்பதைப் பிறர் உணர்வது அவன் சொல்லாலும் செயலாலுமேயாம். சொல் ஒழிந்து, உடல் மண்ணாகி, பெயரும் மறைந்துபோன உயிர்களின் அறிவை எதனால் உணர்வது? எஞ்சிநின்ற செயல் ஒன்று உளதாயின் அதனால் உணரலாம். அங்ஙனம் உணருமிடத்து எவ்வளவு துணியலாம், எவ்விடத்தில் நின்றுவிடல் வேண்டும் என்பது ஈண்டு ஆராயப்படும்.

பிரான்சு நாட்டின் தென்மேற்கில், அவேரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் புரூனிகெல் என்னும் ஊர் உளது. அவ்வூர்க் குகையொன்றின் வாயில் பண்டைக்காலத்தே சரிந்து மூடிக் கிடந்தது. 1990-ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. வாயிலினின்று 336 மீட்டர் உள்ளே, பகலொளியின் சாயலும் புகாத ஓர் அறையில், வட்டமாக அடுக்கப்பட்ட கற்கள் காணப்பட்டன. அவை புறத்தினின்று கொணர்ந்தவை அல்ல. குகைத்தரையில் நீர் சொட்டிச்சொட்டி மேனோக்கி வளர்ந்த சுண்ணக்கற் கூம்புகளை முறித்து, ஏறக்குறைய ஒத்த அளவின ஆக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தனர். பெரிய வளையம் 6.7 மீட்டர் நீளமும் 4.5 மீட்டர் அகலமும் உடையது. சிறியது இரண்டு மீட்டரிற் சற்று மிக்கது. இவற்றையன்றி நான்கு சிறு குவியல்களும் உள. துண்டுகள் ஏறத்தாழ 400. அவற்றை ஒரே வரிசையில் வைப்பின் 112 மீட்டர் நீளும். நிறுப்பின் 2,200 கிலோகிராம் அளவினவாம். அடுக்குகள் சரியாவண்ணம் இடையிடையே சிறு துண்டுகள் ஆப்புப்போலச் செருகப்பட்டுள்ளன. தீப்பட்டுச் சிவந்தும் கரிந்தும் வெடித்தும் உள்ள இடங்கள் பல.

இவற்றின் காலம் யாங்ஙனம் அறியப்பட்டது எனின், கூறுதும். குகையிற் சொட்டும் நீர் யுரேனியம் என்னும் பொருளைக் கரைத்துக் கொணரும். தோரியம் நீரிற் கரைவதின்மையின் புதிய கல்லில் அஃது இராது. கல்லினுள் அடைபட்ட யுரேனியம் மாறாத ஒரு கணக்கின்படி சிதைந்து தோரியமாக மாறிவரும். ஆதலின் இரண்டின் அளவையும் ஒப்புநோக்கின் அக்கல் வளர்ந்த காலம் புலனாம். கூம்பு முறிபடுமுன் இறுதியாக வளர்ந்த படலத்தையும், அடுக்கியபின் அதன்மேல் முதலாவதாகப் படிந்த படலத்தையும் அறிஞர் இம்முறையால் ஆய்ந்தனர். 2016-இல் வெளியான அவர்தம் முடிவு, அவ்வளையங்கள் இற்றைக்கு 1,76,500 ஆண்டுகட்கு முற்பட்டன என்பது. அக்காலத்து அந்நிலப்பகுதியில் வாழ்ந்தவராக அறியப்பட்டோர் நியாண்டர்தாலர் என்னும் பழைய மனித இனத்தாரே.

‘விலங்குகள் உருட்டியனவாதல் கூடாதோ? வெள்ளம் ஒதுக்கியனவாதல் கூடாதோ?’ என்பாரும் உளர். கரடிகள் அக்குகையில் உறைந்ததுண்டு. அவற்றின் நகக்கீறல்களும் உள. ஆயினும் கரடி, கல்லை ஒத்த அளவில் முறித்து அடுக்கி ஆப்பும் வைத்து, அதன்மேல் தீயும் மூட்டாது. வெள்ளம் கற்களை ஒதுக்கும்; அளந்து அடுக்காது. குடத்தைக் கண்டார் குயவன் உளன் எனத் துணிதல்போல, இவ்வளையத்தைக் கண்டார் அறிந்துசெய்த கருத்தா உளன் எனத் துணிதல் முறையாம். உலகமாகிய காரியத்தைக் கொண்டு முதல்வனைத் துணியும் நமக்கு இவ்வநுமானம் புதியதன்று.

இனி, அக்கருத்தாவினிடத்து எவை விளங்கின என்று நோக்குவாம். உயிரின் இச்சா ஞானக் கிரியைகளை ஆணவம் மறைத்திருப்ப, அராகம் இச்சையையும், வித்தை ஞானத்தையும், கலை கிரியையையும் ஒருசார் விளக்கும் என்பர் நம் ஆசிரியர். இம்மூன்றன் விளக்கமும் அக்கற்களில் உளது. உணவும் வெளிச்சமும் இல்லாத ஆழத்துக்கு ஒருவன் காரணமின்றிச் செல்லான். அங்குச் செல்லவேண்டும் என்ற விருப்பு இருந்தது. எந்த அளவில் முறிப்பது, எதன்மேல் எதனை வைப்பது என்று முன்னரே கருதிய அறிவு இருந்தது. தீக்கொள்ளியைக் கையிற்கொண்டு, அஃது அணையாமற் காத்து, அத்தனை பாரத்தைத் தூக்கி அடுக்கிய செயல் இருந்தது. இஃது ஒருவனால் முடியத்தக்க வேலையாகத் தோன்றவில்லை. பலர் கூடிச் செய்தனராயின், ஒருவர் கருத்தை மற்றவர் உணர்தற்கு ஏதேனும் ஒரு வாயிலும் இருந்திருத்தல் வேண்டும்.

இவ்வளவு துணியலாம். இதற்குமேல் ஓரடி வைக்க மனம் அவாவும். வட்டம், தீ, இருட்குகை என்னும் இவற்றை ஒருங்கே கண்டவுடன், இது வேள்விக்களம், இது கோயில், இவர்கள் கடவுளை வழிபட்டார்கள் என்று சொல்லச் சமயப்பற்றுடைய நெஞ்சு விரையும். அவ்விரைவு தகாது. புகையைக் கண்டு தீ உண்டு எனலாம். அத்தீயில் என்ன சமைத்தனர் என்று புகை சொல்லாது. வளையம் எதன்பொருட்டு அமைக்கப்பட்டது என்பதனை அக்கற்கள் கூறவில்லை. அடுக்கியோரின் எலும்பும் அங்குக் கிடைத்திலது. நமக்கு இனிய முடிவு என்பது பற்றி ஏது இல்லாத ஒன்றைத் துணிதல் பிரமாணத்தை இகழ்தலாம். இறைவன் திருவருளை நிலைநாட்டுதற்கு நம் கற்பனையின் துணை வேண்டப்படுவதன்று.

இனி, இதனின் மாறுபட்ட குற்றம் ஒன்று முன்னரே நிகழ்ந்துளது. 1856-இல் ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் இவ்வினத்தாரின் எலும்புகள் கிடைத்தன. 1864-இல் வில்லியம் கிங் என்னும் பேராசிரியர் இவ்வினத்துக்குப் பெயரிட்டு எழுதியபோது, மண்டையோட்டின் வடிவு நோக்கி, அதனுள் இருந்த எண்ணங்கள் விலங்கின் எண்ணங்கட்கு மேல் எழுந்தன அல்ல என்று முடிவுகட்டினார். 1908-இல் பிரான்சு நாட்டின் லா சப்பேல் என்னுமிடத்தில் ஒரு முதியவரின் எலும்புக்கூடு கிடைத்தது. மார்சலின் பூல் என்னும் அறிஞர் அதனை ஆய்ந்து, இவ்வினத்தார் நிமிர்ந்து நடக்கவும் மாட்டாத கூனர் என வருணித்தார். 1957-இல் மீண்டும் ஆய்ந்தபோது, அம்முதியவர் மூட்டுவாத நோயால் வருந்தியவர் என்பது விளக்கப்பட்டது. நோயுற்ற ஒருவரின் வளைந்த முதுகு ஓர் இனம் முழுவதன் அறிவுக்கும் அளவுகோலாக நெடுங்காலம் நின்றது!

இப்பிழையின் வேர் யாது? உடலை உயிராகக் கொண்டதே. உடலின் வடிவு வினைக்கீடாக வந்தது; அது கருவி. கருவியின் தோற்றங்கொண்டு அதனை உடையானை அளத்தல், யாழின் மரத்தைப் பார்த்துப் பாணனின் இசையை மதிப்பிடுதல் போலும். ‘இவர் மனிதரோ, விலங்கோ?’ என்று மேல்நாட்டார் வினாவினர். சைவர்க்கு அவ்வினாவின் இருபுறத்தும் நிற்பது உயிரே. எழுவகைப் பிறப்பினும் உழல்வது ஒரே தன்மைத்தாகிய ஆன்மாவாகலின், விலங்கு என்று பெயரிட்டுவிடுதலால் ஒன்றினிடத்து இரக்கமும் மதிப்பும் ஒழிந்துவிடா. விளக்கத்தில் ஏற்றத்தாழ்வு உண்டு; உயிராந்தன்மையில் இல்லை. உடல்வழி நோக்கினும் அவர்கள் நமக்கு அயலாரல்லர். 2010-இல் அவ்வினத்தாரின் மரபணு ஆய்ந்து வெளியிடப்பட்டபோது, ஆப்பிரிக்காவுக்குப் புறத்தே வாழும் மக்களின் உடலில் அவர்தம் மரபின் கூறும் சிறிது கலந்துளது என்பது தெரியவந்தது. விலங்கு என்று இகழ்ந்தவர், தம் உடம்பிலேயே அவ்விகழப்பட்டாரின் பங்கைச் சுமந்து நின்றனர்.

ஈண்டு இருளைக்குறித்து ஒன்று சிந்திக்கத்தக்கது. புறவிருள் பொருள்களை மறைப்பினும் தன்னை மறையாது. இருள் இருக்கிறது என்பது கண்ணுடையானுக்குத் தெரியும். ஆணவமாகிய அகவிருளோ பிறவற்றை மறைப்பதோடு தன்னையும் காட்டாது. குகையினுள் நுழைந்த அப்பழங்காலத்தார் தம்மைச் சூழ்ந்தது இருள் என்று அறிந்தனர். அறிந்தமையால் தீயை ஏந்திச் சென்றனர். பல்லாயிரம் ஆண்டுகட்குப்பின், பட்டப்பகலில், நூல்கள் சூழ அமர்ந்து மண்டையோட்டை அளந்தவர்களோ தம் கண்ணை மறைத்த ‘யாம் உயர்ந்தோம்’ என்னும் இருளை இருளென அறிந்திலர். அதனால் விளக்குத் தேடவும் இலர். இவ்விருவருள் யாரிடத்து இருள் மிகுதி என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்ப்பாராக.

அவ்வறிஞரை மாத்திரம் குறைகூறி அமைதல் நமக்கு அழகன்று. முகத்தையும் உடையையும் பிறப்பையும் பேச்சையும் கண்டு, இவன் இவ்வளவே என்று முடிவுகட்டுதல் நாள்தோறும் நடப்பது. புரூனிகெல் குகையாருக்காவது கல் சான்றாக நின்றது. அவ்வறை திறவாதிருந்தால், வளையங்கள் சிதைந்திருந்தால், அவர்தம் அறிவு இல்லாததாகிவிடுமோ? சான்று கிடையாமை அறிவின்மைக்குச் சான்றாகாது. ஒன்றும் எழுதாமலும் கட்டாமலும் பேர்விளங்காமலும் மறைந்த கோடானுகோடி உயிர்களுள் எத்துணை அறிவு விளங்கிற்று என்பது, உயிர்க்குயிராய் நின்று காட்டியுங் கண்டும் வருகின்ற பெருமான் ஒருவனுக்கே தெரியும்.

ஆதலின் நாம் கொள்ளத்தக்க நெறி இரண்டு. செயல் கண்டவிடத்துச் செய்தவனின் அறிவை மறாது ஒப்புதல் ஒன்று. செயல் காணாதவிடத்து அறிவில்லை எனத் துணியாது அடங்கி நிற்றல் மற்றொன்று. முன்னது பிரமாணத்துக்குச் செய்யும் மரியாதை. பின்னது உயிர்கட்குச் செய்யும் மரியாதை. இவ்விரண்டும் கைவரப்பெற்றார்க்கு அகவிருள் சிறிதேனும் நெகிழும் என்பது ஒருதலை.

திருச்சிற்றம்பலம்