புகையிலையும் வேட்கையும்

தேவிகுளம், பீர்மேடு மலைத் தோட்டங்களிலும் பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களிலும் வாழும் நம் தமிழ் மக்களிடையே அறம் உரைக்கச் செல்லுங்கால், ஒரு வினா தவறாது எழுகின்றது. “ஐந்தாம் சீலம் கள்ளையும் சாராயத்தையுமே விலக்கிற்று, புகையிலையை விலக்கவில்லையே?” என்பதே அது.

உண்மைதான். புகையிலை அமெரிக்க நாட்டுச் செடி. பகவான் காலத்துக்கு நெடுநாள் பின்னரே போர்த்துகீசியர் வழியாக இந்நாடு புகுந்தது. கள்ளைப்போல் அது மதியை மயக்குவதுமில்லை. ஆயினும் அது செய்யும் தொழிலை ஆராய்வோம்.

1905இல் ஆங்கில உடலியல் அறிஞர் லாங்லி, நிக்கோடினைக் கொண்டு சோதித்து, உடலணுக்களில் அதனை ஏற்கும் பொருளொன்று உண்டெனக் கண்டார். இன்று அவற்றை ஏற்பிகள் என்பர். உடலே சுரக்கும் அசிட்டைல்கோலினுக்கென அமைந்த பூட்டுகள் அவை; நிக்கோடினோ கள்ளச் சாவி. பீடிப்புகை வழியே சில நொடிகளிலும், மெல்லும் புகையிலை வழியே சற்றுத் தாழ்ந்தும் அது மூளையை அடைந்து பூட்டைத் திறக்கின்றது. டோபமின் என்னும் பொருள் பெருகுகின்றது. “இன்னும் வேண்டும்” என்று தேடச் செய்வது அது. நாள்தோறும் இவ்வாறு நிகழ, ஏற்பிகள் மரத்து, எண்ணிக்கையிலும் மிகுகின்றன. காலையில் முதற் பீடி தரும் இன்பம், பெரும்பாலும் பீடியே விளைத்த துன்பத்தின் தணிவேயாகும்.

ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என மணிமேகலை வரிசைப்படுத்தும் சார்பிற்றோற்றம் இதுவன்றோ? ஆதலின் புகையிலையை ஐந்தாம் சீலத்தில் தேடற்க. துக்க காரணம் என்னும் இரண்டாம் வாய்மையில் காண்க.

அங்ஙனமாயின், குளிரையும் பசியையும் பொறுக்கக் கன்னத்தில் புகையிலை அடக்கிக் கொழுந்தெடுக்கும் தாய் குற்றவாளியோ? நூற்பாலை இரவு வேலையில் உறக்கம் வெல்லப் பீடி பிடித்துப் பின்னர் விட்டொழித்த அடியேனும், ஒருகால் அத்தகையோரை மேடையில் இகழ்ந்ததுண்டு. கூட்டம் முடிந்ததும் ஒரு மூதாட்டி, “நீங்கள் எப்படி விட்டீர்கள் ஐயா?” என வினவினார். என் மனம் நாணிற்று. எவருடைய இகழ்ச்சியாலும் யான் விட்டேனல்லேன்.

ஏற்பிகளே செய்கின்றன, நாம் என் செய்வோம் என்பதும் பொருந்தாது. காரணத்தால் தோன்றியது காரணம் நீங்க நீங்கும். விட்ட முதற் சில நாட்களே கொடியவை. மிகுந்த ஏற்பிகள் சில வாரங்களில் பழைய அளவுக்கு மீள்கின்றன. அதன்பின்னும் தேநீர்க் கடையில் பீடி மணம் வந்தால் வேட்கை எழும். பணியாது நோக்கியிருந்தால் சில நிமிடங்களில் தணியும். மருத்துவர் துணையை நாடுவதும் இழிவன்று.

பொதுவிடங்களில் புகைப்பதைக் கேரள உயர்நீதிமன்றம் 1999இல் தடுத்தது. சட்டம் இடத்தைக் காக்கும். வேட்கையை அவரவரே அறிந்து அவிக்க வேண்டும். உபாசகர்களே! வேட்கையுற்றாரை வெறாதீர், அவர் அருகில் அமர்ந்து, முதற் சில நாட்கள் துணை நிற்பீராக.