கூலியும் புண்ணியமும்
சம்பளப் பட்டியல் போட்டே தலை நரைத்தவன் நான். ஞாயிறு கீதை வகுப்பில் பலன் கருதாத கடமை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், எனக்குள் இருக்கும் கணக்குப்பிள்ளை 'பறக்கும் புலிகள்' கணக்கை எடுத்துப் போடுவான்.

1941இல் அமெரிக்கப் படைகளிலிருந்து விலகி, ஜப்பானிய குண்டுவீச்சிலிருந்து சீனத்தைக் காக்க கிளேர் செனால்ட்டின் தலைமையில் போன விமானிகள் அவர்கள். மாதம் 600 டாலருக்குக் குறையாத சம்பளம். வீழ்த்தும் ஒவ்வொரு ஜப்பானிய விமானத்துக்கும் 500 டாலர். இவர்களைத் தொண்டர்கள் என்பதா, கூலிக்கு மாரடித்தவர்கள் என்பதா?

கண்ணனே அர்ஜுனனுக்குப் பலன் சொல்கிறான்: செத்தால் சொர்க்கம், வென்றால் ராஜ்யம். தயங்குபவனைக் கிளப்ப அது வேண்டியிருக்கிறது. ஆக, பணத்துக்காகக் கிளம்பியதாலேயே ஒருவனைத் தள்ளிவிட முடியாது.

விமானிகளின் சட்டை முதுகில் ஒரு பட்டுத் துணி தைத்திருக்கும். சீனக் கொடியும், இவர் உதவ வந்தவர், காப்பாற்றுங்கள் என்ற வேண்டுகோளும் அதில் இருக்கும். விமானம் விழுந்தால் விமானியின் உயிர் முகம் தெரியாத குடியானவன் கையில். அந்தக் கடனை எந்தப் பட்டியலில் எழுதுவது?

1942 ஜூலை 4இல் படை கலைந்தது. சிலர் மட்டும் இரண்டு வாரம் கூடுதலாகத் தங்கினார்கள். அவர்களில் ஜான் பீட்டாச், அதே படையின் நர்ஸை மணந்து சில மாதங்களே ஆனவர், ஜூலை 10இல் மாண்டார்.

ஊர் திரும்பியவர்கள்மீது குற்றமில்லை. பேசியதைச் செய்து முடித்தார்கள். ஆனால் போகலாம் என்றான பிறகும் ஒருவன் நிற்கிறானே, தர்மத்தின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கட்சி.